புதிதாக வருகிறவர்கள் சில வாரம் பேசாமல் படிக்கவும்

"அமுத்துங்க ணா. கடிக்காது."

கௌரி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். என் கையில் மவுஸ். திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் முழுக்க ஆங்கிலம், அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் கட்டத்தில் உள்ளது உலகம் பூராவும் போய்விடும் என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் அதைச் சொன்னது என்னைத் தைரியப்படுத்த. நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

அம்புக்குறி பொத்தானைச் சுற்றி ஈ மாதிரி அலைந்தது. நான் பிடித்து நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தேன். அப்போதும் நடுங்கியது.

"மவுஸ் புதுசு, அதான். பழகிடும்," என்றாள் கௌரி.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்புறச் சந்தில், மாடியில் இருந்தது அந்த பிரவுசிங் சென்டர். தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஏ.சி. குளிர், பிளைவுட் தடுப்புகள், மோடம் கத்துகிற சத்தம். கௌரி அங்கே பகல் நேரப் பொறுப்பு. அஞ்சல் வழியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள்.

நான் எட்டாவதைத் தாண்டாதவன். அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் பதினைந்து நாள் அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை எழுதாமல் எழுந்து போயிருக்கிறேன். அந்தப் பதினைந்து நாளைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதவேண்டும். எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனி முடியாது.

முத்து

என் தொழில் டாக்டர்களின் பி.பி. மிஷினைப் பழுது பார்ப்பது. இந்தத் தொடரை முன்பே படித்தவர்களுக்குத் தெரியும். தோளில் ஒரு ரெக்ஸின் பையோடு மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று கிளினிக் கிளினிக்காகப் போவேன். கெட்டுப்போன மிஷின்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். இரண்டு மூன்று நாளில் திருப்பிக் கொடுப்பேன்.

அப்போதெல்லாம் மிஷின் என்றால் பாதரசம்தான். பெட்டியைத் திறந்தால் கண்ணாடிக் குழாய், அதில் ஏறி இறங்குகிற வெள்ளிக் கம்பி போன்ற பாதரசம். நாளாக ஆக அது அழுக்காகிவிடும், குழாய் கறுத்துவிடும். பாதரசத்தைத் தட்டில் ஊற்றி, மெல்லிய தோல் துணியில் முடிந்து பிழிந்தால் அழுக்கு துணியில் தங்கிவிடும். சுத்தமான பாதரசம் பொட்டுப்பொட்டாகக் கீழே இறங்கும். வெறும் கையால்தான் பிழிவேன். எனக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

கால்வாய் ஓரத்தில் ஒரே அறை எங்கள் வீடு. ஜன்னலடியில் மேஜை. மேஜைக்குக் கீழே பாய். நான், என் மனைவி செல்வி, நாலு வயது மகள் துர்கா, மூன்று பேரும் அங்கேதான் படுப்போம். கொசுவுக்குப் பயந்து ஜன்னலை மூடியே வைத்திருப்போம்.

சிந்திய பாதரசம் தரையில் உருண்டு ஓடும். துர்கா அதற்கு முத்து என்று பெயர் வைத்திருந்தாள். விரலால் தொட்டால் ஒரு முத்து பத்து முத்தாகும், பத்தும் சேர்ந்து மறுபடி ஒன்றாகும். அதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் வாங்கித் தர எனக்கு வக்கில்லை. பாதரசம் கெடுதல் என்று யாரோ எப்போதோ சொல்லிக் காதில் விழுந்திருக்கிறது. தீக்குச்சி மருந்து கெடுதல் என்பதுபோல. அதற்குமேல் யோசித்ததில்லை.

ஒரு நாள் சாயங்காலம் செல்வி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு ரப்பர் குழாயை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, முத்து முழுங்கிட்டேன்."

வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கு, குட்டிப் பல், ஒன்றும் இல்லை. அவள் வயிற்றைத் தட்டிக்கொண்டு, "உள்ள உருளுமா?" என்று கேட்டாள்.

எந்த அப்பனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பான். நான் ஓடவில்லை. எனக்குத் தெரிந்த டாக்டர்கள் அத்தனை பேரும் என் மிஷினை நம்பி பி.பி. பார்க்கிறவர்கள். வீட்டில் பிள்ளை பாதரசத்தைத் தின்கிற அளவுக்குத் தொழில் பண்ணுகிறான் என்று ஒருவருக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரியாத டாக்டரிடம் போகலாமென்றால், போலீசைக் கூப்பிடுவார்களோ என்று பயம். செல்வியிடம் சொல்லவும் பயம். பயம் வந்தால் எனக்குக் கால் ஓடாது, நின்றுவிடும்.

"அம்மாகிட்ட சொல்லாத," என்றேன் துர்காவிடம். அவள் அதையும் ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

இதை எழுதும்போது கை கூசுகிறது.

உள்ளேன் ஐயா

நான் எப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி என்பதற்கு ஒரு பழைய கதை சொல்லவேண்டும். அதைச் சொல்லாவிட்டால் அடுத்து நான் செய்தது யாருக்கும் புரியாது.

எட்டாம் வகுப்பில் புதிதாக ஒரு வாத்தியார் வந்தார். கனத்த குரல். முதல் நாள் பெயர் கூப்பிட்டபோது என் முறை வந்தது. 'உள்ளேன் ஐயா' என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஆப்சென்ட் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

மறுநாளும் அப்படியே. நேற்று வராதவன் இன்று எப்படி வந்தான் என்று கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்ததில் இன்னும் குரல் கட்டிக்கொண்டது. மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஒன்பது நாள் நான் பள்ளிக்கு வரவில்லை. பத்தாம் நாள், இத்தனை நாள் வராத பையனின் அப்பாவை அழைத்து வரச்சொல்லி வகுப்பில் சொன்னார். அதையும் அங்கேயே உட்கார்ந்து கேட்டேன். பதினோராம் நாளிலிருந்து நிஜமாகவே போகவில்லை.

வீட்டில் நாலு அடி விழுந்தது. பிறகு பி.பி. மிஷின் பார்க்கிற ஒருவரிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். அங்கே பெயர் கூப்பிடுகிற வழக்கம் இல்லை.

விதி எண் இரண்டு

இன்டர்நெட்டைப் பற்றி எனக்குச் சொன்னது தி.நகர் கிளினிக் ஒன்றின் கம்பவுண்டர். துர்கா முழுங்கின மறுநாள் அங்கே மிஷின் கொடுக்கப் போயிருந்தேன். யாருக்கும் சந்தேகம் வராத மாதிரி, பாதரசம் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு நைனா உனுக்கு அது? இன்டர்நெட்ல போய் கேளு. ஊர் பேர் தெரியாதவன்லாம் பதில் சொல்றானாம்," என்று சிரித்தார்.

ஊர் பேர் தெரியாதவன் என்ற சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று. எனக்கு வேண்டியது அப்படி ஒருவன்தான்.

அப்படித்தான் கௌரியிடம் போனேன். ஒரு டவுட் இருக்கிறது, கெமிஸ்ட்ரி டவுட், என்று மட்டும் சொன்னேன். அவள் தேடித்தேடி ஒரு மன்றத்தைப் பிடித்தாள். பல தேசத்து ஆட்கள் கேள்வி எழுதி வைக்கிறார்கள், தெரிந்தவர்கள் பதில் எழுதுகிறார்கள். முதல் பக்கத்தில் விதிகள். கௌரி வாசித்துத் தமிழில் சொன்னாள். மரியாதையாகப் பேசவும். இது ஒன்று. புதிதாக வருகிறவர்கள் எழுதுவதற்கு முன் சில வாரம் பேசாமல் படிப்பது நல்லது. இது இரண்டு.

மூன்றாவது விதி எனக்குக் காதில் ஏறவில்லை. பேசாமல் உட்காருவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை.

பதினைந்து நாள். தினமும் மத்தியானம் அரை மணி நேரம் போய் உட்கார்ந்து, புரியாத ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். வேதியியல் வாய்பாடுகள் கோலப்புள்ளி மாதிரி இருந்தன. ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வது மட்டும் புரிந்தது. தப்பாகக் கேட்ட ஒரு மாணவனை நாலு பேர் சேர்ந்து தோலுரித்ததைப் பார்த்தபின் பயம் இரட்டிப்பானது.

வீட்டில் துர்காவைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். காலையில் எழுந்ததும் கண்ணைப் பார்ப்பேன், நாக்கைப் பார்ப்பேன். வாழைப்பழமாக வாங்கிக் கொடுத்தேன். அவள் கொல்லைக்குப் போய்வந்தபின் குச்சியால் கிளறிப் பார்த்தேன். இருமினால் எழுந்து விளக்கைப் போட்டேன். அவள் ஓடி ஆடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் பயந்தவனுக்கு அது போதாது.

செல்வியும் அந்த நாட்களில் ஒரு மாதிரி இருந்தாள். சரியாகச் சாப்பிடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், நான் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, நானாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாள், என்று நினைத்தேன்.

யாரு குழந்தை

பதினாறாம் நாள் ஒரு டாக்டரின் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதி எடுத்துப்போனேன். 'மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு, தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. என் நண்பர் பி.பி. மிஷின் பழுது பார்ப்பவர். அவருடைய குழந்தை பதினைந்து நாள் முன்பு பயறு அளவு பாதரசம் விழுங்கிவிட்டது. உயிருக்கு ஆபத்து உண்டா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.' கௌரி அதை ஆங்கிலத்தில் போட்டாள். அழுத்தினேன். அந்தக் கதையைத்தான் முதலில் சொன்னேன்.

மறுநாள் ஒரு பதில் வந்திருந்தது. கௌரி மனதுக்குள் படித்தாள். படித்துவிட்டுத் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"திட்டியிருக்கான் ணா. குழந்தை முழுங்கி பதினஞ்சு நாள் கழிச்சு முன்பின் தெரியாதவங்களைக் கேக்கறியே, டாக்டர்கிட்ட போகத் தோணலியான்னு கேக்கறான்." என் பக்கம் குனிந்தாள். "யாரு குழந்தை?"

"ஃப்ரெண்டோடது."

"ஃப்ரெண்டு குழந்தைக்கா ஏ.சி.ல உங்களுக்கு இப்டி வேர்க்குது?"

நான் சட்டைக் காலரைத் துடைத்துக்கொண்டேன். விதி எண் இரண்டில் சில வாரம் படிக்கச் சொல்லியிருந்ததே என்றேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அது சும்மா மரியாதைக்குப் போட்டு வச்சிருக்கிறது ணா. கோயில்ல வரிசையில் வரவும்னு போட்டிருந்தா, நெஞ்சு வலிக்கிறவனும் நிப்பானா?"

நான் நிற்பேன்.

குழந்தை என்னுடையதுதான் என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தை இவருடையது, நன்றாக விளையாடுகிறது, இவர் பயந்துபோயிருக்கிறார், என்று மூன்று வரி அவளே எழுதி அனுப்பினாள்.

நாலு கேள்வி

அடுத்த நாள் புதன்கிழமை. இரண்டாவது பதில் நீளமாக இருந்தது. எழுதியவள் ஒரு பெண். ஏதோ ஒரு குளிர்தேசத்துக் கல்லூரியில் ஆய்வுக்கூடத் தரை துடைப்பவள் என்று தன் பெயருக்குக் கீழே தானே போட்டிருந்தாள்.

பாதரசத்தை முழுங்கினால் அநேகமாக அப்படியே வெளியே வந்துவிடும், உடம்பு அதை அதிகம் ஏற்காது, என்று எழுதியிருந்தாள். ஆனாலும் இன்றே குழந்தையை டாக்டரிடம் காட்டு. கௌரி இதைச் சொன்னதும் நான் தடுப்பில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். பதினேழு நாள் வயிற்றில் கிடந்த கல் இறங்கியது. அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

"இருங்க ணா, இன்னும் இருக்கு."

முழுங்கினதைவிட மூச்சில் போவதுதான் மோசம். சிந்தின பாதரசம் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதனால் சில கேள்வி கேட்கிறேன், என்று எழுதியிருந்தாள்.

நீ வேலை செய்கிற அறையில்தான் தூங்குகிறீர்களா? சிந்தினதைத் துடைப்பத்தால் பெருக்குகிறீர்களா?

இரண்டுக்கும் ஆமாம். இறங்கின கல் மறுபடி ஏறத் தொடங்கியது. மேஜைக்குக் கீழே தரை வெடிப்பும், வெடிப்புக்கு மேல் பாயும், பாயில் குப்புறப் படுத்துத் தூங்குகிற துர்காவும், எல்லாம் கண்முன் வந்தது.

மூன்றாவது கேள்வி. நாள்பட்ட பாதரச ஆவி நரம்பையும் மனசையும் தாக்கும்; உனக்குக் கை நடுங்குகிறதா? எதற்கெடுத்தாலும் பயம், புது ஆட்களைக் கண்டால் கூச்சம், நாலு பேர் முன்னால் வாய் திறக்க முடியாமை, இதெல்லாம் உண்டா? எப்போதிலிருந்து?

கௌரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். அவள் பார்வை மவுஸ் மேல் இருந்த என் கைக்குப் போயிற்று. முன்பின் பார்க்காத ஒருத்தி, கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு, என் ஜாதகத்தை அப்படியே எழுதியிருந்தாள். ஏ.சி. சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

நாலாவது கேள்வி. வீட்டில் யாருடைய தங்க நகையாவது வெளுத்துப்போயிருக்கிறதா? பாதரசம் தங்கத்தில் ஒட்டும். அப்படி இருந்தால் அதை எக்காரணம் கொண்டும் நெருப்பில் காட்டாதே. மூடின அறையில் அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் தங்கத்துக்கு எங்கே போவது. செல்வியின் தாலியில் கோத்த இரண்டு குண்டும் ஒரு பொட்டும்தான்.

பிறகு சிரிப்பு நின்றது. அந்தத் தாலியை நான் பார்த்து ஒரு மாதம் இருக்கும். எப்போதும் வெளியே தொங்குவதை அவள் ரவிக்கைக்குள் போட்டுக்கொள்கிறாள். அன்றைக்குக் காலையில் நான் கிளம்பும்போது ஒரு கிண்ணத்தில் புளி ஊற வைத்திருந்தாள். குழம்புக்கா என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

புதன்கிழமை

செருப்பை மாடிப்படியிலேயே விட்டுவிட்டு ஓடினேன். பயம் வந்தால் கால் நின்றுவிடும் என்று எழுதினேன் அல்லவா, அன்றைக்கு மட்டும் நிற்கவில்லை. மத்தியான வெயிலில் தார் ரோடு உள்ளங்காலைச் சுட்டது. காய்கறிக் கூடை ஒன்றை இடித்துத் தள்ளினேன். பின்னால் யாரோ என் பரம்பரையையே திட்டினார்கள்.

கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். ஜன்னலும் மூடியிருந்தது. செல்வி ஸ்டவ்வுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் கிழங்கு கட்டின புதுக்கயிறு. கையில் இடுக்கி, இடுக்கி நுனியில் ஒரு குண்டு, வெள்ளி மாதிரி வெளுத்து. ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. இடுக்கிக்கும் நெருப்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. துர்கா பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குரல் வரவில்லை. இடுக்கியைப் பிடுங்கி எறிந்தேன். ஸ்டவ்வை அணைத்தேன். ஜன்னலைத் திறக்கப் போனால் கை ஆடி தாழ்ப்பாள் பிடிபடவில்லை. செல்விதான் எழுந்துவந்து திறந்தாள். அவள் கையும் ஆடியது.

"எனுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். "உனுக்குத்தான் இன்னாமோ ஆவப்போவுதுன்னு நெனச்சேன். தாலி வெளுத்துப் போச்சுய்யா. ஒரு மாசமா கீது இப்டி. யார்கிட்ட சொல்றது?"

தரையில் சிந்தின முத்துகளை துடைப்பத்தால் பெருக்கித் தட்டில் அள்ளும்போது குனிவாள், தாலி பாதரசத்தில் படும். அதில் ஒட்டியிருக்கிறது. அவளுக்கு அது தெரியவில்லை. தாலி நிறம் மாறினால் புருஷனுக்கு ஆகாது என்று மட்டும் தெரியும். புளியில் தேய்த்தும் போகவில்லை. பக்கத்து வீட்டு அக்கா நெருப்பில் காட்டினால் சரியாகும் என்றாளாம். செவ்வாய் வெள்ளியில் தாலியைக் கழற்றக்கூடாது. திங்கட்கிழமை அமாவாசை. அதனால் புதன்கிழமைக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

ஒரே அறையில் ஒரு பாயில் படுத்துக்கொண்டு, நான் மகளுக்காக ஒரு விதியையும் அவள் எனக்காக ஒரு கிழமையையும் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறோம். முத்து விஷயத்தை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பிறகு துர்காவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "எங்க கீது டாக்டரு? நட," என்றாள்.

எப்போதிலிருந்து

அடையாற்றில் என் வாடிக்கைக்கார டாக்டரம்மா ஒருவரிடம்தான் போனோம். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துர்காவை முழுக்கச் சோதித்தார், எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை என்றார். பிறகு என்னிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். கோணிக்கோணி நான் போட்ட கையெழுத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் போய்விடும் என்று நான் பயந்தது நடக்கவில்லை. வீட்டில் வைத்து ஒரு மிஷினைத் திறந்தாலும் இனி உனக்கு வேலை கிடையாது என்றார்.

மேஜையைச் சிந்தாதிரிப்பேட்டையில் நாலு பக்கமும் திறந்த ஒரு கொட்டகைக்கு மாற்றினேன். வீட்டையும் மாற்றினோம். காலி செய்த அன்று மேஜை இருந்த இடத்தில் வெயில் விழுந்தது. தரை வெடிப்புகளுக்குள் கோடு கோடாக மின்னியது. துர்கா குனிந்தாள். செல்வி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

இதற்கிடையில் மன்றத்துக்கு நான் பதில் எழுதவேண்டியிருந்தது. தரை துடைக்கிற அந்தப் பெண் தினமும் வந்து, குழந்தை எப்படி இருக்கிறது, ஜன்னலைத் திறந்தாயா, என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. மூன்றாவது கேள்விக்கு மட்டும் இல்லை. எப்போதிலிருந்து?

தொழிலுக்கு வந்தபின் என்று எழுதலாம். ஆனால் அதற்கு முன்னாலேயே, பாதரசம் என்ற ஒன்றைக் கண்ணால் காண்பதற்கு முன்னாலேயே, மூன்றாம் பெஞ்சில் ஒருவன் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தானே. அவனுக்கு யார் என்ன கொடுத்தார்கள்? இருபது வருஷமாக என் சுபாவம் என்று நினைத்துச் சுமந்ததில் எத்தனை பங்கு என்னுடையது, எத்தனை பங்கு தோல் துணியில் பிழிந்தது? என் உடம்புக்குள் என் பெயரில் வேறு எதுவோ பயந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தபோது வந்த பயம், அதுவரை வந்த எல்லாவற்றையும்விடப் பெரியது.

செல்வியிடம் கேட்டேன். என்னைக் கல்யாணத்துக்கு முன்னால் பார்த்தவர்களில் இப்போது பக்கத்தில் இருப்பது அவள் ஒருத்திதான்.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "பொண்ணு பாக்க வந்தியே, அப்பவே உன் கையில காபி டம்ளர் ஆடிச்சு. டபராவுல டொக்கு டொக்குன்னு சத்தம். எங்க சித்திலாம் சிரிச்சாங்க." களைந்த தண்ணீரைக் கொட்டினாள். "நான் வெக்கம்னு நெனச்சேன். புடிச்சிருந்துது."

மறுநாள் பிரவுசிங் சென்டருக்குப் போய் இதை அப்படியே கௌரியிடம் சொன்னேன். அவள் தட்டச்சு செய்தாள். கடைசியில், அது வெட்கம் என்று போடவா, பயம் என்று போடவா, என்று கேட்டாள்.

இரண்டையும் போடச் சொன்னேன். மவுஸை வாங்கி நானே அழுத்தினேன். அம்புக்குறி அன்றைக்கும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.